கிரிவலப் பாதையில் எடுத்த வருகைப் பதிவு

மே மாதம் வந்தால் என் கைப்பேசிக்கு உயிர் வந்துவிடும். மற்ற மாதங்களில் கேஸ் சிலிண்டர்காரரும் என் தங்கையும் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. மே மாதத்தில் மட்டும் இளைய தலைமையாசிரியர்கள் வரிசையாகக் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "மேடம், சேர்க்கையை எப்படி மேடம் ஏத்தினீங்க?"

ஏற்றவில்லை அம்மா, இறங்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஏதோ ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். போன வாரம் ஒரு பெண் நேரடியாகவே கேட்டுவிட்டாள்: "உங்க ஸ்கூலை மூடறதா இருந்துச்சாம், நீங்க ரோட்டுல நின்னு கத்தி நிறுத்திட்டீங்களாம், நிஜமா மேடம்?" பாதி நிஜம். மீதிப் பாதி தப்பாகப் பரவக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயிற்சி முடித்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மணி அடிப்பது, பூட்டுவது, இடையில் நேரம் கிடைத்தால் பாடம் நடத்துவது என்று பல வருடம் கழிந்தது. திருவண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தபோது எனக்கு முட்டிவலி தொடங்கியிருந்தது. சொல்லத் தகுந்ததெல்லாம் முட்டிவலிக்குப் பிறகு நடந்ததுதான்.

அந்தப் பள்ளிக்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள். ஒன்று மஞ்சள் வேன். இன்னொன்று முழு நிலா.

வேன் ஒரு தனியார் பள்ளியுடையது. பக்கவாட்டில் குடை பிடித்த யானை ஒன்றை வரைந்திருப்பார்கள். ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, சேர்க்கை விண்ணப்பம் எல்லாம் வைத்து, கல்யாணத்துக்கு அழைப்பதைப் போல வீடு வீடாகப் போவோம். உச்சி வெயிலில் ஒரு வீட்டு வாசலில் நின்று எங்கள் பெருமைகளை அடுக்கினேன். காலைச் சிற்றுண்டி உண்டு, சீருடை உண்டு, புத்தகம் உண்டு, கணினி உண்டு. அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"எல்லாம் இருக்குது டீச்சர். வேன் இல்லியே."

"உங்க வீட்டுக்கு எதிர்லயே ஸ்கூல் இருக்குதேம்மா, வேன் எதுக்கு?"

"அதான் டீச்சர். எதிர்ல போய்ட்டு எதிர்ல வந்தா புள்ள படிக்கப் போற மாதிரியே இல்ல. வேன்ல ஏறி டாட்டா காட்டினாதான் நமக்கும் ஒரு இதுவா இருக்குது."

தாம்பூலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

நிலா இன்னும் மோசம். எங்கள் பிள்ளைகளின் குடும்பங்களில் பாதிக்கு மேல் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள். எலுமிச்சை ஜூஸ், கற்பூரம், சுக்குக் காபி, பிளாஸ்டிக் பொம்மை, சுண்டல். பௌர்ணமி ஒரு நாள் வியாபாரத்தில்தான் மாதம் ஓடும். அன்று வீட்டில் இருக்கும் கைகள் எல்லாம் கடைக்கு வந்தாக வேண்டும், சின்னக் கைகள் உட்பட. மறுநாளைக் கேட்கவே வேண்டாம், ஊரே தூங்கும். மாதத்தில் இரண்டு நாள் எங்கள் பள்ளியில் காக்கைகளின் வருகைதான் ஜாஸ்தி.

நான் சும்மா விடுகிறவள் இல்லை. பௌர்ணமி தோறும் பள்ளி முடிந்ததும் பாதையில் ஒரு நடை போய்வருவேன். கடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என் கண்ணில் பட்டால் மறுநாள் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும். இதனால் கடைக்கு வருவது குறையவில்லை. என்னைக் கண்டதும் ஒளிவதில் மட்டும் பிள்ளைகள் பெரிய தேர்ச்சி பெற்றார்கள். தூரத்தில் என் குடையைப் பார்த்தாலே போதும், பாதை நெடுகப் பிள்ளைகள் மறைந்துபோவார்கள். நான் நடத்திய பாடங்களில் அவர்கள் முழுதாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான் என்று பிறகு தெரிந்தது.

ரெஹானாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வளையல் கடை பாஷா பாயின் மகள். அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் வளையல் விற்கிற குடும்பம். முதலில் யானை வேனில்தான் போய்க்கொண்டிருந்தாள். வேனில் ஏறினால் அவளுக்கு வாந்தி. தினமும் வாந்தி. ஐந்தாம் வகுப்போடு வேனை நிறுத்திவிட்டு, பாஷா பாய் அவளை ஆறாம் வகுப்புக்கு எங்களிடம் அழைத்து வந்தார். அழைத்து வந்த அன்றே ஒரு நிபந்தனையும் சொன்னார்.

"டீச்சர், உங்க ஸ்கூல் எங்க வூட்டு மாடியில நின்னா தெரியுது. அதுக்குத்தான் சேக்கறேன். கண்ணுக்குத் தெரியற தூரம்னா படிக்கட்டும். இல்லன்னா கடையில வந்து உக்காரட்டும்."

கெட்ட மனிதர் இல்லை. மூத்த பெண்ணை அப்படித்தான் கடையில் உட்கார வைத்தார். இரண்டாவது பெண்ணும் உட்கார இடம் தயாராக இருந்தது. ஆனால் ரெஹானா கணக்குப் பரீட்சை முடிந்தும் மேலே தாள் கேட்கிற பெண். முப்பது வருடத்தில் அப்படி எனக்கு வாய்த்தவர்கள் கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அவளை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அவள் ஏழாம் வகுப்புக்கு வந்த வருடம் ஒரு சேதி வந்தது. வருகை கம்மியாக உள்ள பள்ளிகளை நேரில் பார்த்து, தேவையென்றால் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று. எங்களுக்குப் பக்கத்துப் பள்ளி பைபாஸ் ரோட்டுக்கு அந்தாண்ட இருந்தது. லாரிகள் பறக்கும் ரோடு அது. பாஷா பாய் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் லாரிதான் தெரியும், பள்ளிக்கூடம் தெரியாது. இணைப்பு என்று காகிதத்தில் எழுதுகிற அன்று ரெஹானாவின் படிப்பு முடிந்தது. அவளைப் போல இன்னும் சில பெண் பிள்ளைகளுக்கும் அதே கதி.

சென்னையிலிருந்து ஆய்வு அலுவலர் வருகிற தேதி சொன்னார்கள். நாட்காட்டியைப் பார்த்தேன். பௌர்ணமி.

வெளியூர்க்காரர்களுக்கு இது தற்செயல் போலத் தெரியும். எங்கள் ஊரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலதிகாரிகளின் ஆய்வு தேதி பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் குறிக்கப்படும். பகலில் ஆய்வு, மாலையில் கிரிவலம். போகிற வழியில் புண்ணியம். எந்தத் துறை ஆனாலும் இதே வழக்கம்தான்.

என் உதவியாசிரியர் பிரபாகரன் சார் இளைஞர், துடிப்பானவர். தேதியைக் கேட்டதும் யோசனையோடு ஓடி வந்தார்.

"மேடம், ரமணாசிரமம் பக்கம் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் தங்கியிருக்குது. நாலு பசங்க. எனக்குப் பழக்கம். சீருடை போட்டு உக்கார வெச்சுடலாமா?"

"அந்த ஆபீசர் பசங்க பேரைக் கேட்டா என்ன சார் சொல்லுவீங்க?"

"மௌன விரதம்னு சொல்லிடலாம் மேடம்."

அந்த மனிதரின் எதிர்காலத்தை நினைத்து அன்று நான் நிஜமாகவே கவலைப்பட்டேன்.

அலுவலரின் பெயர் ஞானசேகரன். ஒல்லியானவர், நெற்றியில் கண்ணாடி. எதையும் அவசரப்படாமல் பார்ப்பவர். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்து பார்த்தார். சாம்பாரை ஒரு கரண்டி வாங்கி, பருப்பு எங்கே என்று கேட்காமல், பருப்பு கிடைக்கும் வரை கிளறினார். கரும்பலகையைக் கையால் தேய்த்து விரலைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. கத்துகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். இவர் பேசாமல் இருந்ததில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

கடைசியில் வகுப்பறைகளுக்கு வந்தார். ஒரு வகுப்பில் இரண்டு பேர். இன்னொன்றில் மூன்று பேர். ஏழாம் வகுப்பில் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பிய ஒரு பையன் மட்டும், கடையில் உட்கார வைத்தால் வியாபாரம் கெடும் என்று பள்ளிக்கு அனுப்பப்பட்டிருந்தான்.

"ரிஜிஸ்டர்ல பேரெல்லாம் இருக்குது. புள்ளைங்க எங்கம்மா?"

"கடையில சார்."

"எந்தக் கடையில?"

"எல்லாக் கடையிலயும் சார்."

பௌர்ணமி என்றால் இங்கே எப்படி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றதை நம்பறேன்மா. ஆனா நான் பாக்காததை எழுத முடியாது. பார்த்தது இதுதான்."

"சாயங்காலம் கிரிவலம் போறீங்க இல்ல சார்? நானும் வரேன். ஒவ்வொரு கடையிலயும் காட்டறேன், பாருங்க" என்றேன். மறுக்கவில்லை.

வெயில் தாழ்ந்து கிளம்பினோம். அவர், நான், அவருடைய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பிரபாகரன் சார். சென்னைப் பாதங்கள் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடந்து பழகாதவை. ஆசிரமம் தாண்டியதுமே அவர் குதிகாலில் நடக்க ஆரம்பித்தார். எங்கள் பள்ளிக்காரர்களின் கடைகள் தொடங்குமிடம் வரும்போது விரல்களில் நடந்துகொண்டிருந்தார்.

கடைகள் இருந்தன. பெற்றோர் இருந்தார்கள். ஒரு பிள்ளையைக் காணோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் குடை! வழக்கமாக நான் வந்தாலே ஒளிகிறவர்கள். இன்று கூடவே கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி வேறு. பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறவர்களைப் பிடிக்க ஆபீசர் வருகிறார் என்று கடைக்குக் கடை போன் பறந்துவிட்டது. நாங்கள் நடந்த வேகத்தைவிட அந்தச் சேதி வேகமாக நடந்தது. பல வருடம் ஒளியாதே ஒளியாதே என்று விரட்டிய நான், அன்று வெளியே வாங்களேன் என்று கெஞ்சிக்கொண்டு போனேன்.

"எழிலரசி எங்கம்மா?" என்று ஜூஸ் கடையில் கேட்டேன்.

"எந்த எழிலரசி டீச்சர்?" என்றார் அவளைப் பெற்ற தாய்.

சுண்டல் கடைக்காரர் தன் மகன் மாமா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பொம்மைக் கடையில் மகன் தூங்குவதாகச் சொன்னார்கள். எங்கே என்றதற்கு ஒரு பொம்மையை எடுத்துத் துடைத்தார்கள். பாஷா பாய் கடைக்கு வந்தோம். தள்ளுவண்டி நிறைய வளையல், கீழே தார்ப்பாய் தொங்கியது.

"ரெஹானா எங்க பாய்?"

"வேலூர் போயிருக்கா டீச்சர். அவங்க அத்தை வூட்டுக்கு."

"நேத்து சாயந்தரம் ஸ்கூல்ல இருந்தாளே?"

"நேத்து ராத்திரி பஸ்ஸு டீச்சர்."

ஞானசேகரன் சார் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். கொப்புளம். "போதும்மா" என்றார் மெதுவாக. "நீங்க நல்லா முயற்சி பண்ணீங்க."

அந்த 'நல்லா முயற்சி' எனக்குச் சாவு வீட்டில் சொல்லும் ஆறுதலைப் போலக் கேட்டது. குடையை மடக்கிப் பிரபாகரன் சாரிடம் கொடுத்தேன். ரோட்டுக்கு நடுவில் போய் நின்றேன். அதன் பிறகு செய்ததை யோசித்துச் செய்யவில்லை. தினமும் காலையில் செய்வதைத்தான் செய்தேன். வகுப்பில் நின்று வருகை எடுக்கும் குரலில், ஆனால் அதைவிடப் பல மடங்கு சத்தமாகப் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன்.

"எழிலரசி!"

ஜூஸ் வண்டிக்கு அடியிலிருந்து பளிச்சென்று வந்தது பதில். "உள்ளேன் டீச்சர்!"

அவள் அம்மா குனிந்து வாயைப் பொத்துவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகிய வாய். பெயர் காதில் விழுந்தால் தானாகத் திறந்துகொள்ளும்.

"கார்த்திகேயன்!"

"உள்ளேன் டீச்சர்!" என்றது சுண்டல் அண்டாவின் பின்பக்கம்.

"முருகன்!"

எங்கள் முருகனோடு சேர்ந்து மூன்று பக்தர்களும் நின்று "என்னம்மா?" என்றார்கள். கூட்டம் கூடிவிட்டது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குழு, இது ஏதோ நாமாவளி என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் "அரோகரா" போட ஆரம்பித்தது. "தமிழ்ச்செல்வி!" "உள்ளேன் டீச்சர்!" "அரோகரா!" நான் நிறுத்தவில்லை. தொண்டை கிழிய வகுப்பு வகுப்பாகக் கூப்பிட்டேன். கோணிக்குப் பின்னாலிருந்தும் ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்தும் தலைகள் எழுந்தன. ஞானசேகரன் சார் கல்லைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"ரெஹானா!"

பாஷா பாய் வளையல்களை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டேன். ஆந்திரா குழுவும் "அரோகரா" போடாமல் காத்திருந்தது. மூன்றாவது தடவை கூப்பிடும்போது என் குரல் உடைந்துவிட்டது.

தார்ப்பாய்க்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "உள்ளேன் டீச்சர்."

பாஷா பாய் தலை நிமிராமல், "வேலூர் பஸ்ஸு இன்னிக்கு சீக்கிரம் வந்துடுச்சு போல" என்றார். ஞானசேகரன் சார் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

சிரித்துவிட்டு அவர் வண்டிக்கு அருகில் போனார். தான் பிடிக்க வந்த ஆபீசர் இல்லை, பள்ளியைப் பார்க்க வந்தவர் என்று சொன்னார். பள்ளியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றினால் அனுப்புவீர்களா என்றும் கேட்டார்.

"பொய் சொல்ல மாட்டேன் சார்" என்றார், சற்று முன் வேலூர் பஸ் விட்டவர். "அனுப்ப மாட்டேன். லாரி வர ரோடு. இங்க இருந்தா படிப்பா, அங்க போச்சுன்னா கடைதான்."

வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்து நின்ற ரெஹானா அப்பாவைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது செய்துவிடுவேன் என்று நம்பிய அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"ரோட்டுல பார்த்தது கணக்குல வராதும்மா" என்றார் ஞானசேகரன் சார். "நான் நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வரேன். இவங்க எல்லாரும் அங்க இருக்கணும். அதுக்கு மேல என்னால முடியாது."

பௌர்ணமிக்கு மறுநாள் காலை! கழுதையைக் கூடப் பள்ளிக்கு வரவழைத்துவிடலாம், எங்கள் பிள்ளைகளை அன்று எழுப்ப முடியாது. விடிய விடிய வியாபாரம் பார்த்துவிட்டுப் படுத்தவர்கள். இருந்தாலும் கடை கடையாகச் சொல்லிவிட்டு வந்தேன். விடிந்ததும் நானும் பிரபாகரன் சாரும் தெருத் தெருவாகப் போனோம். மௌன விரதப் பாவத்துக்கெல்லாம் அவர் அன்று பரிகாரம் செய்துவிட்டார். இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகளோடு அவர் ஓடியதை நான் மறக்கவே மாட்டேன். தாய்மார்கள் தூக்கி வந்தார்கள். ஜூஸ் வண்டியிலேயே நாலு பேரை ஏற்றித் தள்ளி வந்தார் ஒருவர். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் வந்தான். சீருடை எங்கே என்று கேட்க எனக்கு அன்று வாயில்லை.

ஞானசேகரன் சார் இரண்டு காலிலும் கட்டோடு வந்து சேர்ந்தபோது பள்ளி நிறைந்திருந்தது. ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் கவிழ்ந்தும், ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்தும், தரையில் சுருண்டும். ரெஹானா முழங்கை வரை கண்ணாடி வளையலோடு, கைமேல் தலை வைத்துத் தூங்கினாள். கடையில் போட்டுக் காட்டியதைக் கழற்ற நேரமில்லை போலிருக்கிறது.

பிரபாகரன் சார் பதறிப்போய் மேஜையைத் தட்டப் போனார். ஞானசேகரன் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு சார் எழுப்பறீங்க? தலையை எண்ணச் சொல்லித்தான் உத்தரவு. கண்ணு தொறந்திருக்கணும்னு யாரும் எழுதல."

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கட்டுப் போட்ட காலோடு வரிசை வரிசையாகப் போய், உதடு மட்டும் அசைய எண்ணினார். எங்கள் பள்ளி இணைப்பிலிருந்து தப்பியது என்று எழுத்தில் வர இரண்டு மாதம் ஆனது. ரெஹானா எட்டாம் வகுப்பை எங்களிடமே முடித்தாள். ஆனால் அன்று காலை எதுவும் உறுதியில்லை. தங்கள் பிள்ளை எண்ணிக்கையில் விட்டுப்போகுமோ என்று பயந்து, வாசலிலும் ஜன்னலிலும் பெற்றோர் நின்றுகொண்டிருந்தார்கள். விடிய விடியக் கண்விழித்தவர்கள், ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஏழாம் வகுப்பு ஜன்னலில் பாஷா பாய்.

எண்ணி முடித்து வெளியே வந்த ஞானசேகரன் சாரை அவர் வழிமறித்தார். வழக்கமான அந்த விறைப்பு முகத்தில் இல்லை.

"சார், மூணாவது பெஞ்சு. வளையல் போட்டிருக்கும். அதை எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன் பாய்."

"தூங்குது சார். தலை கம்மியாத்தான் வெளிய தெரியுது. எதுக்கும் இன்னொரு வாட்டி எண்ணிடுங்க சார்."

ஞானசேகரன் சார் அப்போதுதான் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, நொண்டிக்கொண்டே மறுபடியும் உள்ளே போனார்.